வேலைக்குப் போக முடியவில்லை, கல்விக்கடன் நிற்கிறது: அப்பாவின் வீட்டை எடுத்துவிடுவார்களா?

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 28. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம். 2015-இல் பி.இ. சேர்ந்தபோது பொதுத்துறை வங்கி ஒன்றில் 4 லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்கினோம். அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். அடமானம் எதுவும் வைக்கவில்லை. படிப்பு முடிந்து சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. தவணையை ஒழுங்காகக் கட்டி வந்தேன். 2022-இல் இடது கண் பார்வை மங்கியது. பிறகு கால் மரத்துப் போனது. 2023-இல் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோய் என்றார்கள். ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாததால் வேலையை விட்டுவிட்டேன். 14 மாதமாகத் தவணை கட்டவில்லை. பாஸ்புக்கில் பாக்கி 3,12,000 என்று இருக்கிறது. வங்கியின் வசூலுக்காகப் போனில் பேசுகிறவர் 3,74,000 என்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டு, "வீட்டை ஜப்தி பண்ணுவோம், பென்ஷனைப் பிடிப்போம், எஃப்.ஐ.ஆர். போடுவோம்" என்கிறார். அப்பா அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊனமானவர்களுக்குக் கல்விக்கடன் ரத்தாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், உண்மையா? என் பி.எஃப்.பில் 1,90,000 இருக்கிறது. அதை எடுத்துக் கட்டிவிடவா? தம்பி தன் பெயருக்குக் கடனை மாற்றிக்கொள்கிறேன் என்கிறான்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடன் ரத்தாகுமா என்ற கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பதிலை என்னால் தர முடியவில்லை. கடன் வாங்கிப் படித்தவர் உடல்நிலையால் வேலை செய்ய முடியாமல் போனால் அந்தக் கடன் தானாக ரத்தாகும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்த வீடியோ அமெரிக்காவைப் பற்றியதாக இருக்கும். அங்கே மத்திய அரசு கொடுக்கும் மாணவர் கடனுக்கு அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எத்தனையோ நல்ல பிரிவுகள் இருந்தும் இது இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது வங்கியில் கடன் வசூல் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. தேர்தல் சமயத்தில் கல்விக்கடன் தள்ளுபடி என்று பேச்சு கிளம்பும். அதை நம்பி ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் உங்கள் கணக்கில் வங்கி செய்யக்கூடியதும் குறைவுதான். போனில் பேசுகிறவர் அதை மட்டும் சொல்லமாட்டார்.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். நீதிமன்றத்துக்குப் போகாமலே நோட்டீஸ் ஒட்டி வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் வங்கிகளுக்கு உண்டு. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அது. அடமானமாக எழுதிக் கொடுத்த சொத்துக்கு மட்டுமே அது பொருந்தும். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு அடமானம் கேட்பதில்லை, நீங்களும் கொடுக்கவில்லை. ஆகவே அந்த வழி உங்கள் வங்கிக்கு இல்லை. மிச்சமிருப்பது சிவில் வழக்கு. வழக்குப் போட்டு, டிகிரி, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணை வாங்கி, அதன் பிறகு அதை நிறைவேற்றக் கேட்டு மனு போட்டால்தான் அப்பாவின் சொத்தைத் தொட முடியும். அப்பா சேர்ந்து கையெழுத்துப் போட்டவர், ஜாமீன்தாரர் அல்ல, அவரும் கடன்காரர்தான். எனவே அந்த ஆபத்து அறவே இல்லை என்று பொய்யாக ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் அது நெடிய பாதை. ஒவ்வொரு கட்டத்திலும் உங்களுக்குச் சம்மன் வரும், பேச வாய்ப்பு வரும். சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. ஆள் வராவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிடும். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தருகிறது. இரண்டு வகையிலும் நீங்கள் தகுதியானவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100.

பென்ஷன்: அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவு தெளிவாகவே விலக்கியிருக்கிறது. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. அப்பாவின் பென்ஷன் வரவாகும் கணக்கு கடன் வாங்கிய அதே வங்கியில் இருந்தால், பழைய கடன் ஒப்பந்தத்தில் எங்கோ இருக்கும் ஒரு வரியைக் காட்டிப் பணத்தைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு சண்டை போட்டுத் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு மாத மளிகை நின்றுபோகும். கணக்கு அங்கே இருந்தால் வேறு வங்கியில் ஒன்று தொடங்கி, பென்ஷன் வாங்கும் கருவூலத்தில் கணக்கு மாற்ற விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். இது ஏமாற்று வேலை அல்ல. சட்டம் கொடுத்த பாதுகாப்பை நடைமுறையிலும் உறுதி செய்துகொள்வது, அவ்வளவுதான்.

எஃப்.ஐ.ஆர். என்பது வெறும் மிரட்டல். கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. கையில் பணம் வைத்துக்கொண்டே ஏமாற்றுகிறவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம், உண்மையிலேயே இல்லாதவரை அனுப்பக் கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள நீங்கள் கொடுத்த நாச் ஒப்புதல் இன்னும் உயிரோடு இருந்தால், மாதாமாதம் அது போய்த் திரும்பும். ஒவ்வொரு முறையும் கட்டணம் ஏறும். செக் திரும்பினால் என்ன வழக்கோ, அதே போன்ற வழக்கு இதற்கும் உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25-ஆவது பிரிவு. பலருக்கு இது தெரிவதில்லை. உங்கள் சம்பளக் கணக்கு இருந்த வங்கிக்கும் கடன் கிளைக்கும் உடனே எழுதி அந்த ஒப்புதலை ரத்து செய்யுங்கள்.

இனி அந்த இரண்டு தொகைகள். பாஸ்புக்கில் ஒன்று, போனில் ஒன்று என்று குழம்பியிருக்கிறீர்கள். 90 நாள் தவணை வராவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதற்குப் பிறகு வங்கி அந்தக் கணக்கின் வட்டியைத் தன் வருமானமாக வரவு வைக்கக் கூடாது. தனியாகக் குறித்து மட்டும் வைத்திருக்கும். அதனால்தான் பாஸ்புக் 3,12,000-இல் நிற்கிறது, வசூலிக்க வருகிறவர் குறித்து வைத்த வட்டியையும் சேர்த்துச் சொல்கிறார். அதைச் சேர்த்தால்கூடக் கணக்கு இடிக்கிறது. உங்கள் ஸ்டேட்மென்டில் வட்டி 11 சதவீதம் என்று இருக்கிறது. 3,12,000-க்கு 14 மாதத்துக்கு, மாதாமாதம் கூட்டு வட்டி போட்டாலும் 43 ஆயிரத்தைத் தாண்டாது. அவர் கேட்கும் வித்தியாசம் 62 ஆயிரம். மீதி 19 ஆயிரம் எதற்கு? அபராதமா, திரும்பிய கட்டணமா, வசூல் ஏஜென்சி செலவா? தாமதத்துக்கு அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி வளர்ப்பதை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தடை செய்தது. 2024-இலிருந்து அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே போடலாம். ஆகவே முதல் வேலையாகக் கடன் தொடங்கிய நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்டையும், தனியாகக் குறித்து வைத்த வட்டி விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

ஸ்டேட்மென்ட் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, படித்த ஆண்டுகளுக்கான வட்டி மானியம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகான ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009-லிருந்து இருந்தது. அப்பாவின் சம்பளத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்த வரவு இல்லையென்றால், வருமானச் சான்று கொடுத்ததற்கான நகலைத் தேடுங்கள். கிளை அனுப்பாமல் விட்ட மானியம் என்பது வட்டித் தள்ளுபடி கேட்க உங்களிடம் இருக்கும் வலுவான காரணம். இரண்டாவது, கடன் கொடுத்த ஆண்டில் இன்சூரன்ஸ் பிரீமியம் என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்பது. பெரும்பாலும் அது இறப்புக்கு மட்டுமானது. சிலவற்றில் நிரந்தர முழு ஊனமும் சேர்ந்திருக்கும். பிடித்திருந்தால் பாலிசிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

இதற்கிடையே ஊனச் சான்றிதழ். உங்களைப் பார்த்தால் நோயாளி மாதிரித் தெரியவில்லை என்று கிளையில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் அந்தப் பேச்சு வரும், வந்துகொண்டேயிருக்கும். காலையில் நடந்துவந்தவர் மதியம் தம்ளரைப் பிடிக்க முடியாமல் இருப்பதை வங்கி மேசைக்கு எதிரே உட்கார்ந்து நிரூபிக்க முடியாது. காகிதம்தான் பேச வேண்டும். 2016 சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸும் ஒன்று. அரசுப் படிவங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து, நரம்பியல் மருத்துவர் மதிப்பிட்டு, 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் சலுகைகளுக்கான வாசல் திறக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் சான்றிதழ்தான் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கும் பட்டியலில் இந்த நோயும் உண்டு. அதே அலுவலகத்தில் அதற்கும் மனு கொடுத்துவிடுங்கள்.

பி.எஃப். விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பி.எஃப். பணத்தை எந்தக் கடன்காரரும் ஜப்தி செய்ய முடியாது. கையில் எடுத்த பிறகு அந்தக் கவசம் போய்விடும். அதைவிட முக்கியமான ஒன்று, வேலை பார்க்கும் காலத்திலேயே முழுமையாகவும் நிரந்தரமாகவும் முடங்கிப்போன உறுப்பினருக்கு 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் உண்டு. 10 ஆண்டு சேவை வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே போதும். தொகை பெரிதாக இருக்காது, ஆனால் மாதாமாதம் வரும். இதற்கான படிவம் 10டி. இன்டர்நெட் சென்டரில் பி.எஃப். எடுக்கப் போனால், பழக்கத்தில் 10சி படிவத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். 10சி போட்டு ஓய்வூதியக் கணக்கின் பணத்தை எடுத்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே முதலில் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம், நீங்கள் பார்த்த வேலையை இனிச் செய்யவே முடியாது என்று சான்று தர இயலுமா என்று மனம்விட்டுக் கேளுங்கள். நோய் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது என்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். விட்டுவிட்டு வரும் வகையில், மருந்து ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பகுதி நேர வேலைக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் அது நடக்கட்டும். அந்த நம்பிக்கை இருந்தால் 10டி இப்போது பொருந்தாமல் போகலாம். எப்படியானாலும் வங்கிக்கு ஒன்று, பி.எஃப். அலுவலகத்துக்கு ஒன்று என்று இரண்டு கதை எழுதாதீர்கள். இரண்டு இடத்திலும் மருத்துவர் எழுதியதே இருக்கட்டும்.

இப்போது கடனை என்ன செய்வது? இதே நிலையில் தவணை தவறத் தொடங்கி இன்னும் 90 நாள் ஆகாத வாசகர்கள் இருந்தால், அவர்கள் அவகாசம் கேட்க வேண்டும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டமே, வேலை இல்லாத காலங்களுக்குக் கடன் ஆயுளில் இரண்டு மூன்று முறை தவணையைத் தள்ளிவைக்க இடம் தருகிறது. கிளையில் தாமாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் உண்டு. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி அவகாசம் வாங்கினாலும் வருடத்துக்கு 34 ஆயிரம் வட்டி ஏறும். வருமானம் வரும் தேதி தெரியாதபோது அது கடனை வளர்ப்பதாகவே முடியும்.

ஆகவே நான் சொல்வது ஒரே முறைத் தீர்வு, ஓ.டி.எஸ்., அதாவது பேசிக் குறைத்த தொகையைக் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்வது. அதற்கு இது நல்ல நேரம், காரணத்தைச் சொல்கிறேன். வாராக்கடன் ஆன முதல் 12 மாதம் கணக்கு ஒரு பட்டியலில் இருக்கும். அதற்குப் பிறகு 'சந்தேகத்துக்குரிய கடன்' பட்டியலுக்குப் போகும். அடமானம் இல்லாத கடன் அங்கே போனதும், வங்கி தன் லாபத்திலிருந்து முழுத் தொகைக்கும் ஒதுக்கீடு செய்தாக வேண்டும். அதாவது வங்கியின் புத்தகத்தில் உங்கள் கடன் ஏற்கெனவே நஷ்டமாக எழுதப்பட்டுவிடும். அதன் பிறகு நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் அவர்களுக்குத் திரும்பி வந்த பணம். 14 மாதம் ஆகிவிட்ட உங்கள் கணக்கு அந்த எல்லையில்தான் நிற்கிறது. ஆண்டுக் கணக்கு முடியும் ஜனவரி முதல் மார்ச் வரை மண்டல அலுவலகத்துக்கு வசூல் கணக்கு காட்ட வேண்டியிருக்கும். அப்போது பேச்சு சுலபமாகும். ஆனாலும் ஓ.டி.எஸ். யாருக்கும் உரிமை அல்ல, வங்கியின் முடிவு என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எவ்வளவு என்று? குறித்து வைத்த வட்டியும் அபராதமும் முழுவதும் தள்ளுபடி, அசலிலும் பாதிக்கு மேல் தள்ளுபடி என்று தொடங்குங்கள். 1,20,000 என்று எழுதுங்கள். அவர்கள் ஏற்றிக் கேட்பார்கள், நீங்கள் கொஞ்சம் ஏறலாம். ஆனால் ஓராண்டு மருந்துச் செலவைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவது எவ்வளவோ அதுதான் உங்கள் உச்சவரம்பு. அம்மாவின் நகையை வைத்தோ கந்துவட்டிக்கு வாங்கியோ ஆப் கடன் எடுத்தோ இதைக் கட்டக் கூடாது. அடமானமில்லாத, மிரட்டத் தவிர வழியில்லாத ஒரு கடனை அடைக்க, நிஜமாகவே கழுத்தைப் பிடிக்கும் கடனை வாங்குவதாக ஆகிவிடும்.

தம்பி உதவட்டும், பணமாக. அவர் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் வர வேண்டாம். அவர் பெயருக்கு மாற்றினால் இப்போதிருக்கும் பேரம் பேசும் இடமே போய்விடும். சம்பளம் வாங்கும் இளைஞனிடம் எந்த வங்கியும் தள்ளுபடி பேசாது. நீங்களும் அப்பாவும்கூட, 'பாக்கியை ஒப்புக்கொள்கிறேன்' என்ற கடிதத்தில் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்குப் போடும் மூன்றாண்டுக் காலக்கெடு அந்தக் கையெழுத்திலிருந்து புதிதாக ஓடும். தீர்வுக் கடிதம் கைக்கு வரும் நாளில், அதோடு சேர்த்துப் போடலாம்.

சொந்தக்காரர்கள் மஞ்சள் நோட்டீஸ் கொடு என்கிறார்களாம். 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம் இன்னும் இருக்கிறதுதான். ஆனால் உங்களைத் திவாலாக அறிவித்தாலும் அப்பாவின் பொறுப்பு அப்படியே நிற்கும். இந்தத் தொகைக்கு அது வேண்டாத அலைச்சல்.

சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம், போங்கள். மேனேஜருக்கு அங்கே குறைத்துக் கொடுக்க அதிகாரம் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகை நீதிமன்ற டிகிரிக்குச் சமம், அப்பீலும் கிடையாது. கட்ட முடியாத எண்ணுக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

போன் தொல்லைக்கு: காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் அழைப்பு கூடாது, மிரட்டக் கூடாது, அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டது. ஒன்பது மணி அழைப்பின் தேதியையும் எண்ணையும் குறித்து வையுங்கள். அடுத்த முறை அப்பா சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "கிளைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம், அங்கே பேசுங்கள்." வாதம் வேண்டாம். பணம் அந்த ஆள் கையில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். எது கட்டினாலும் கடன் கணக்கில்தான்.

கிளைக்குக் கொடுக்கும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கடன் எண், நோயின் பெயர், வேலையை விட்ட தேதி, ஊனச் சான்றிதழ் எண், வீட்டு வருமானம், ஒரே தவணையில் கொடுக்க முடிந்த தொகை, அழைப்புகளை நிறுத்தக் கோரிக்கை. கெஞ்சும் வரி ஒன்றும் வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். நீங்கள் போக முடியாவிட்டால் அதிகாரக் கடிதம் கொடுத்துத் தம்பியை அனுப்பலாம், கடிதம் கொடுப்பதற்கு மட்டும். தீர்வுக்கு ஒப்புதல் வந்தால் அது எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபிலில் 'செட்டில்டு', அதாவது முழுதும் கட்டாமல் பேசி முடித்தது என்று விழும். அதனால் கொஞ்ச காலம் புதிய கடன் கிடைக்காது. இப்போதைக்கு உங்களுக்குத் தேவைப்படுவதும் புதிய கடன் அல்ல.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் கிடையாது, 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். வங்கியின் பதில் எதுவானாலும் கணக்கு எண்ணை மறைத்துவிட்டு அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.